தோல்வியே இல்லாத பதிவா, தோற்ற பிறகு தொடங்கிய ஓட்டமா? குத்துச்சண்டையின் மிகப் பெரிய வெற்றித் தொடர் எது?

ஏழாம்சுற்று எழுதியது:

குத்துச்சண்டையின் மிகப் பெரிய வெற்றித் தொடர் எது என்று கேட்டால் உடனே வந்து விழுவது இரண்டு எண்கள்: ராக்கி மார்சியானோவின் 49, ஃபிளாய்ட் மேவெதரின் 50. இருவரும் ஒரு தோல்விகூட இல்லாமல் ஓய்வு பெற்றவர்கள். அதனால் அந்தப் பூஜ்யத்துக்குத் தனி மவுசு வந்துவிட்டது.

என் கட்சி வேறு. சுகர் ரே ராபின்சன் 1943 பிப்ரவரி முதல் 1951 ஜூலை வரை ஆடிய ஆட்டம்தான் என் கணக்கில் முதலிடம். அது ஒரு தோல்விக்குப் பிறகு தொடங்கியது என்பதாலேயே அதன் மதிப்பு கூடுகிறது.

முதல் 40 ஆட்டங்களையும் ஜெயித்திருந்த ராபின்சன், 1943 பிப்ரவரி 5 அன்று டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவிடம் தோற்றார். லமோட்டா அவரைவிட ஏறக்குறைய 16 பவுண்டு எடை கூடியவர். எட்டாவது சுற்றில் ராபின்சன் கயிறுகளைத் தாண்டி விழும் அளவுக்கு அடி வாங்கினார். இன்று ஒரு நட்சத்திர வீரர் அப்படித் தோற்றால் ஆறு மாதம் ஓய்வு, அப்புறம் சுலபமான ஓர் எதிராளி. ராபின்சன் பிப்ரவரி 19 அன்று ஜாக்கி வில்சனை வென்றார். பிப்ரவரி 26 அன்று அதே ஊருக்குத் திரும்பி, அதே லமோட்டாவைப் புள்ளிகளில் வென்றார். எல்லாம் மூன்று வாரத்துக்குள்.

அங்கிருந்து 1951 ஜூலை 10 அன்று லண்டனில் ராண்டி டர்பினிடம் தோற்கும்வரை 91 ஆட்டங்கள். 88 வெற்றி, 2 சமன், பெர்லினில் முடிவு செல்லாது என்று விடப்பட்ட ஓர் ஆட்டம். இதற்குள் லமோட்டாவை மேலும் மூன்று முறை வென்றார். கிட் கவிலானை இரண்டு முறை. காலியாக இருந்த வெல்டர்வெயிட் பட்டத்தை டாமி பெல்லை வென்றும், மிடில்வெயிட் பட்டத்தை லமோட்டாவிடமிருந்தும் எடுத்தார். சமன் செய்த ஹோசே பசோராவைப் பின்னர் முதல் சுற்றிலேயே படுக்க வைத்தார்.

யாருக்காவது இதைவிடப் பெரிய தொடர் தெரிந்தால் வாதத்தோடு எழுதுங்கள். வெறும் எண்ணிக்கை வேண்டாம்.

குத்துவேல் எழுதியது:

ஜூலியோ சீசர் சாவேஸ். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

1980-இல் தொழில்முறைக்கு வந்தவர், 1993 செப்டம்பரில் பெர்னல் விட்டேக்கருடன் சமன் ஆகும்வரை 87 ஆட்டம், 87 வெற்றி. ராபின்சனின் 91-இல் இரண்டு சமனும் ஒரு செல்லாத ஆட்டமும் இருக்கின்றன. இங்கே அப்படி எதுவும் கிடையாது. தொடக்க காலத்தில் எளிய ஆட்கள் இருந்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1984-இல் மரியோ மார்டினெஸை வீழ்த்தி சூப்பர் ஃபெதர்வெயிட் பட்டம் எடுத்ததிலிருந்து பாருங்கள். ரோஜர் மேவெதரை இரண்டு முறை, எட்வின் ரொசாரியோ, மெல்ட்ரிக் டெய்லர், ஹெக்டர் கமாச்சோ. மூன்று எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம்.

ரொசாரியோ ஆட்டத்தை முழுதாகப் பார்த்தால் தெரியும். ரொசாரியோ அப்போது லைட்வெயிட்டில் பயங்கரமான அடி உள்ளவர். சாவேஸ் ஒரு அடிகூடப் பின்வாங்காமல், அவருடைய விலாவுக்குக் கீழே இடது ஹுக்கை (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) இறக்கி இறக்கி, பதினோராவது சுற்றில் முடித்தார். எதிராளியைக் கயிற்றோரம் கொண்டுபோய் நிறுத்தும் கால் வேலையை அவரிடம்தான் படிக்க வேண்டும். ஓடி விரட்டவே மாட்டார். எதிராளி போக நினைக்கும் வழியில் முன்கூட்டியே போய் நிற்பார்.

1993-இல் கிரெக் ஹாகன், சாவேஸ் அடித்ததெல்லாம் டிஹுவானா டாக்ஸி ஓட்டுநர்களை என்று கிண்டல் செய்தார். அஸ்டெகா மைதானத்தில் 1,30,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்தில் ஐந்தாவது சுற்றில் ஆட்டம் முடிந்தது.

கயல்_ப எழுதியது:

// இங்கே அப்படி எதுவும் கிடையாது //

குத்துவேல் அண்ணா, சாவேஸ் எனக்கும் பிடித்தவர்தான். ஆனால் 87 சுத்தமான எண் என்று சொல்ல முடியாது.

1981-இல் மிகேல் ருயீஸ் ஆட்டம். முதல் சுற்று மணி அடித்த பிறகு குத்தியதாக சாவேஸ் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மறுநாள் உள்ளூர் ஆணையம் அதை வெற்றியாக மாற்றியது. அவருடைய மேலாளருக்கே அந்த ஆணையத்தில் இடம் இருந்தது.

அடுத்து 1990 மார்ச் 17, டெய்லர். பன்னிரண்டாவது சுற்று முடிய 2 விநாடி இருக்கும்போது நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் நிறுத்தினார். நீதிபதிகளின் மூன்று புள்ளி அட்டைகளில் இரண்டில் டெய்லர் தெளிவாக முன்னிலை. அந்த 2 விநாடி கடந்திருந்தால் சாவேஸுக்குத் தோல்வி.

மூன்றாவது விட்டேக்கர். ஒரு நீதிபதி விட்டேக்கருக்குக் கொடுத்தார், மற்ற இருவரும் 115-115. அன்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் விட்டேக்கர் ஜெயித்தார் என்றே சொன்னார்கள். எனக்கும் அதுதான் தீர்ப்பு. ஜாபும் (முன்கையால் விடும் நேர்குத்து) நகர்வும் முழுக்க அவருடையவை.

குத்துவேல் எழுதியது:

விட்டேக்கர் பற்றி நான் வாதாடப் போவதில்லை. அந்தச் சமனே தொடரை முடித்துவிட்டது, 87-க்குள் அது வராது. ருயீஸ் விஷயம் உண்மை.

ஆனால் டெய்லர் ஆட்டத்தை அந்த 2 விநாடிக்குள் அடக்கிவிடுவது நியாயம் இல்லை. புள்ளிகளில் டெய்லர் முன்னிலை, சரி. அவர் முகத்தைப் பார்த்தீர்களா? வாயில் ரத்தம், கண்ணைச் சுற்றி எலும்பு முறிவு. மூன்று மூன்று குத்தாக டெய்லர் வேகமாக இறக்குவார். சாவேஸ் ஒன்றே ஒன்று பதிலுக்குக் கொடுப்பார், ஆனால் அந்த ஒன்று தங்கிவிடும். ஒன்பதாவது சுற்றிலிருந்து டெய்லரின் கால்கள் கனத்துப்போனது கண்ணுக்கே தெரிகிறது. கடைசிச் சுற்றில் மூலையில் வைத்து விழுத்தியபோது அவர் எழுந்தார். நடுவர் 'நன்றாக இருக்கிறாயா' என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை, பார்வை தன் மூலைப் பக்கம் போனது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்து முடிவு எடுக்க வேண்டியதில்லை, எதிரில் நிற்கும் மனிதரைப் பார்த்து எடுக்க வேண்டும். டெய்லர் அந்த இரவுக்குப் பிறகு பழைய டெய்லராக வரவே இல்லை என்பதுதான் ஸ்டீலுக்குச் சாட்சி.

புதுக்கையுறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஒரு சந்தேகம். எண்ணிக்கைதான் என்றால் தாய்லாந்தின் வான்ஹெங் மேனாயோதின் 54 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தாரே? மேவெதரின் 50-ஐயும் தாண்டியவர். அவர் பெயரை ஏன் யாருமே எடுப்பதில்லை?

பழம்பதிவு எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. வான்ஹெங் உண்மையான உலகச் சாம்பியன், மிகக் குறைந்த எடைப்பிரிவான மினிமம்வெயிட்டில் டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) பட்டத்தைப் பல ஆண்டு காத்தவர். 2020 நவம்பரில் பன்யா பிரதாப்ஸ்ரீயிடம் மிக நெருக்கமான புள்ளிகளில் தோற்றார். ஆனால் அந்த 54 பேரில் பலர் பட்டத்துக்கு அருகில்கூட வராதவர்கள். நடுநடுவே சிறு ஆட்டங்கள் ஆடி எண்ணிக்கையை ஏற்றுவது அங்கே வழக்கம். அவர் எடைப்பிரிவின் மற்ற சாம்பியன்களை எல்லாம் தேடிப்போய் மோதியிருந்தால் இன்று நிலைமை வேறு.

எண்ணிக்கை எந்த அளவுக்கு ஏமாற்றும் என்பதற்கு இரண்டு பழைய கதைகள்.

லமார் கிளார்க் என்று ஓர் அமெரிக்க ஹெவிவெயிட். 1958 முதல் 1960 வரை தொடர்ந்து 44 நாக் அவுட். ஒரே இரவில் ஆறு பேரை வீழ்த்தியதும் அதில் அடக்கம். அந்த எதிராளிகளின் பெயரை இன்று யாரும் சொல்ல முடியாது. 1961-இல் லூயிவில்லில் கேசியஸ் கிளே என்ற 19 வயதுப் பையன் இரண்டாவது சுற்றில் அவரைப் படுக்க வைத்தார். பின்னாளில் முகமது அலி ஆனவர்தான் அந்தப் பையன்.

இன்னொருவர் இங்கிலாந்தின் ஹால் பாக்வெல். 1938 முதல் 1948 வரை 180 ஆட்டம் தோல்வியே இல்லை என்று பழைய சாதனைப் பட்டியல்கள் சொல்லும். பின்னர் அந்தக் காலப் பத்திரிகைகளைத் தோண்டியவர்கள் அந்த ஆண்டுகளுக்குள்ளேயே அவருக்குத் தோல்விகளைக் கண்டெடுத்தார்கள். 1950-க்கு முந்தைய எந்தத் தொடரையும் இந்த எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும்.

ஏழாம்சுற்று எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தோல்வியே இல்லாத பதிவு ஒரு கட்டத்துக்கு மேல் வீரரை ஆள ஆரம்பித்துவிடுகிறது. அது விளம்பரத்தின் மூலதனம். அதை இழந்தால் அடுத்த ஆட்டத்தின் வருமானம் குறையும். ஆகவே யாரோடு மோதுவது, எப்போது மோதுவது, அவருக்கு வயது ஏறட்டுமா என்றெல்லாம் கணக்குப் போடுகிறார்கள்.

மேவெதர் மகத்தான வீரர், அதில் மறுபேச்சு இல்லை. எதிராளியின் வலது கைக் குத்தைத் தோளைச் சுருட்டி வாங்கிவிட்டுத் திருப்பி அடிப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். 2002-இல் ஹோசே லூயிஸ் காஸ்டியோவோடு ஆடிய முதல் ஆட்டம் பலருடைய கணக்கில் தோல்வி. ஆனால் அதே ஆண்டில் மறுபடி மோதி வென்றார், அது அவருக்குப் பெருமை. மானி பாக்கியாவோவோடு ஆட்டம் 2015-இல்தான் நடந்தது, எல்லோரும் கேட்டது அதற்கு ஐந்தாறு ஆண்டு முன்பு. ஐம்பதாவது ஆட்டமோ, முதன்முறையாகத் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்த கானர் மெக்ரிகரோடு. 50 என்ற எண்ணில் அந்த ஒன்றை என்னால் வைக்க முடியவில்லை.

லாரி ஹோம்ஸைப் பாருங்கள். 48-0, அதாவது 48 வெற்றி, தோல்வி இல்லை. மார்சியானோவின் 49-ஐத் தொட ஒரே ஆட்டம். 1985 செப்டம்பர் 21 அன்று மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். மார்சியானோ தன் கடைசி ஆட்டத்தை ஆடி அன்றோடு சரியாக 30 ஆண்டு. கென் நார்ட்டனோடு 15 சுற்று ஆடிப் பட்டம் எடுத்து ஏழு ஆண்டு வைத்திருந்தவர். அந்த ஓர் இரவுக்காக அவரை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பூஜ்யத்தைக் கும்பிடுவதன் விளைவு இது.

கயிற்றோரம் எழுதியது:

மார்சியானோவை இப்படி ஒதுக்கிவிட முடியாது. அவர் யாரைத் தவிர்த்தார்? தன் காலத்தில் இருந்த அத்தனை பேரையும் அடித்தார்.

ஜோ லூயிஸுக்கு 37 வயது, ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38, ஆர்ச்சி மூர் அதைவிட மூத்தவராகக்கூட இருக்கலாம். வயதான ஆட்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த வால்காட் அப்போது சாம்பியன். 1952 செப்டம்பர் 23 அன்று பிலடெல்ஃபியாவில் முதல் சுற்றிலேயே மார்சியானோவை விழ வைத்தவர். அதற்கு முன் மார்சியானோ விழுந்ததே இல்லை. பன்னிரண்டு சுற்று முடிந்தபோது மூன்று அட்டைகளிலும் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாவது சுற்றில் ஒரே ஒரு குட்டையான வலது கை, வால்காட் கயிற்றைப் பிடித்தபடி மடங்கினார்.

1954-இல் எஸ்ஸார்ட் சார்ல்ஸோடு இரண்டாவது ஆட்டம். மூக்கு நுனி பிளந்து, ரத்தத்தை நிறுத்தவே முடியவில்லை. மருத்துவர் எந்த நிமிடமும் நிறுத்தக்கூடும் என்ற நிலையில் எட்டாவது சுற்றில் சார்ல்ஸை முடித்தார். கடைசி ஆட்டத்தில் மூரும் அவரை விழ வைத்தார். தோல்வியின் விளிம்பு வரை போய்த் திரும்பி வந்த பூஜ்யம் அது. காப்பாற்றி வைத்த பூஜ்யம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

ஏழாம்சுற்று எழுதியது:

கயிற்றோரம், இதை ஏற்கிறேன். மார்சியானோவைக் கணக்குப் போட்டு ஆடியவர்கள் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. என் குறை ஆழம் பற்றியது. பட்டம் எடுத்த பிறகு ஆறு முறைதான் காத்தார், 1956-இல் விலகினார். விலக அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதே ஹெவிவெயிட் பிரிவில் ஜோ லூயிஸ் 1936-இல் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றவர், அதற்குப் பிறகு 1950 வரை தோற்கவே இல்லை. 25 முறை பட்டத்தைக் காத்தார். 1938-இல் ஷ்மெலிங்கைத் திரும்ப எதிர்கொண்டு இரண்டு நிமிடம் நான்கு விநாடியில் முடித்தார். 49 பெரிதா, இந்த 14 ஆண்டு பெரிதா? எனக்கு லூயிஸ்தான்.

கயல்_ப எழுதியது:

வில்லி பெப்பை எப்படி எல்லோரும் மறந்தீர்கள்?

முதலில் 62 வெற்றி. 1943 மார்ச்சில், எடை கூடிய முன்னாள் லைட்வெயிட் சாம்பியன் சாமி ஆங்காட்டிடம் ஒரு தோல்வி. அப்புறம் 73 ஆட்டம் தோல்வி இல்லை, அதில் ஒன்றே ஒன்று சமன். 1948 அக்டோபரில் சாண்டி சாட்லரைச் சந்திக்க மேடை ஏறும்போது பெப்பின் பதிவு 134 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். இந்த வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

இதற்கு நடுவே 1947 ஜனவரியில் விமான விபத்து. கால் எலும்பும் முதுகெலும்பும் முறிந்தன. இனி மேடை ஏற மாட்டார் என்றார்கள். ஜூன் மாதமே திரும்பி வந்து ஜெயிக்க ஆரம்பித்தார்.

அவருடைய பலம் அடி கிடையாது, கண்ணும் காலும்தான். எதிராளி குத்தை விடும் நேரத்தில் பெப் அவருடைய தோளுக்குப் பின்னால் போயிருப்பார். சாட்லர் நான்காவது சுற்றில் அவரைச் சாய்த்தார். மூன்று மாதத்தில், 1949 பிப்ரவரியில், பெப் 15 சுற்று ஆடி அதே சாட்லரிடமிருந்து பட்டத்தை மீட்டார். அந்த இரவில் கண்ணைச் சுற்றி எத்தனை வெட்டுக் காயம்! ஏழாம்சுற்று சொல்லும் அளவுகோலை வைத்தே பார்த்தாலும் பெப் ராபின்சனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவர்.

பழம்பதிவு எழுதியது:

பெப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, கயல். நான் எழுத நினைத்ததை எழுதிவிட்டீர்கள்.

அர்ஜென்டினாவின் கார்லோஸ் மொன்சோன் இன்னும் வரவில்லை. 1964 அக்டோபரில் கடைசியாகத் தோற்றவர், 1977-இல் ரொட்ரிகோ வால்டெஸை வென்று ஓய்வு பெறும்வரை தோற்கவே இல்லை. கிட்டத்தட்ட 13 ஆண்டு. 1970-இல் ரோம் நகருக்கே போய் நினோ பென்வெனுட்டியை வீழ்த்திப் பட்டம் எடுத்தார், 14 முறை காத்தார். தன்னைத் தோற்கடித்த மூன்று பேரையும் பின்னர் வென்றார். இடையில் சமன்கள் இருக்கின்றன, அதனால்தான் பட்டியல்களில் பின்னால் போய்விடுகிறார். மேடைக்கு வெளியே அவர் மனைவியைக் கொன்ற குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர். அந்த மனிதரை என்னால் கொண்டாட முடியாது. தொடரைப் பற்றிய பேச்சில் விட்டுவிடவும் முடியவில்லை.

பென்வெனுட்டியும் லேசுப்பட்டவர் அல்லர். முதல் 65 ஆட்டமும் வெற்றி. 1966-இல் சியோலில் கிம் கி சூவிடம்தான் முதல் தோல்வி.

மெல்லெடை எழுதியது:

சிறிய எடைக்காரர்கள் பெயரும் வரட்டும்.

ரிகார்டோ லோபெஸ், மெக்சிகோ. 51 வெற்றி, 1 சமன், தோல்வி இல்லை, 2001-இல் கடைசி ஆட்டம். ஒரே சமன் 1998 மார்ச்சில் ரொசென்டோ ஆல்வாரெஸோடு. தலை மோதி வெட்டுப்பட்டதால் ஆட்டம் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் மறுபடி மோதி வென்றார். காவல், தூரம், இடது அப்பர்கட் (கீழிருந்து மேலே விடும் குத்து), எல்லாம் பாடப் புத்தகம் போல. அவருக்குக் கிடைத்த பணமும் புகழும் திறமைக்கு ஈடானவை அல்ல. 105 பவுண்டு எடைக்காரர்களை யாரும் முதன்மை ஆட்டமாகப் போடுவதில்லை.

தொடர்கள் ஒன்றை ஒன்று விழுங்கிய கதையும் உண்டு. கார்லோஸ் சாராத்தே 52 வெற்றி, 51 நாக் அவுட் என்ற பதிவோடு 1978 அக்டோபரில் வில்ஃப்ரெடோ கோமெஸைச் சந்தித்தார். கோமெஸ் முதல் ஆட்டத்தைச் சமன் செய்தவர், அப்புறம் எல்லாமே நாக் அவுட். ஐந்தாவது சுற்றில் சாராத்தே முடிந்தார். கோமெஸ் 32 நாக் அவுட் வரை போய், 1981-இல் சால்வடோர் சான்செஸிடம் எட்டாவது சுற்றில் விழுந்தார்.

புதுக்கையுறை எழுதியது:

இன்று ஆடுபவர்களில் யார் இந்தப் பேச்சுக்குள் வருவார்கள்? உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கா?

மெல்லெடை எழுதியது:

உசிக்தான். 2025 ஜூலை வரை 24 ஆட்டம், 24 வெற்றி. எண் சின்னது. எங்கே ஆடினார் என்று பாருங்கள்: குளோவாட்ஸ்கியை போலந்தில், ஹுக்கை பெர்லினில், பிரீடிஸை ரீகாவில், காசியேவை மாஸ்கோவில், பெல்யூவை மான்செஸ்டரில், ஜோஷுவாவை லண்டனில். எல்லாரையும் அவரவர் வீட்டு வாசலில் போய் வென்றிருக்கிறார். பட்டத்துக்கான முதல் ஆட்டமே பத்தாவது ஆட்டம்தான். எண்ணிக்கையை ஏற்றும் கட்டமே அவருடைய பதிவில் கிடையாது.

பெண்களில் செசிலியா பிரேகஸ். 36-0. ஜோ லூயிஸின் 25 என்ற பட்டக் காப்பு எண்ணைத் தாண்டும் ஆட்டத்தில், 2020 ஆகஸ்டில், ஜெசிகா மெக்காஸ்கிலிடம் தோற்றார்.

கயிற்றோரம் எழுதியது:

குறுகிய காலத் தொடர் என்றால் என் ஓட்டு ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குக்கு. 1937-இல் மட்டும் 27 ஆட்டம், 27 வெற்றி, 26 நாக் அவுட். அந்த அக்டோபரில் ஃபெதர்வெயிட் பட்டம், 1938 மே மாதம் பார்னி ராஸிடமிருந்து வெல்டர்வெயிட், ஆகஸ்டில் லூ ஆம்பர்ஸிடமிருந்து லைட்வெயிட். உலகத்தில் எட்டே எடைப்பிரிவு இருந்த காலம். அதில் மூன்றை ஒரே நேரத்தில் வைத்திருந்தார்.

ஏழாம்சுற்று எழுதியது:

ஆம்ஸ்ட்ராங்கை யாராவது முதலிடத்தில் வைத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

இத்தனை பேரைப் படித்த பிறகு எனக்கு ஒரு விஷயம் துலக்கமாகிறது. நான் மதிக்கும் தொடர்கள் எல்லாவற்றிலும், தன்னை வென்றவரிடம் அந்த வீரர் திரும்பிப் போயிருக்கிறார். ராபின்சன் லமோட்டாவிடம், பிறகு டர்பினிடம் 64 நாளில். லூயிஸ் ஷ்மெலிங்கிடம். பெப் சாட்லரிடம். மொன்சோன் மூவரிடமும். இன்னும் ராபர்ட்டோ டுரான்: 1972-இல் எஸ்டெபான் டி ஹெசுஸிடம் முதல் தோல்வி, அப்புறம் தொடர்ந்து 41 வெற்றி. அதற்குள் அதே டி ஹெசுஸை இரண்டு முறை நாக் அவுட் செய்தார், மாண்ட்ரியலில் சுகர் ரே லெனர்டையும் வென்றார். தொடரின் தரத்தை எடைபோட எனக்கு இதைவிட நல்ல கேள்வி இல்லை: தோற்கடித்தவரை மறுபடி தேடிப் போனாரா?

குத்துவேல் எழுதியது:

அந்தக் கேள்விக்கும் சாவேஸிடம் பதில் இருக்கிறது. 1994 ஜனவரி 29 அன்று ஃபிராங்கி ராண்டல் அவரை முதன்முறையாக விழ வைத்து, முதன்முறையாகத் தோற்கடித்தார். மே 7 அன்று சாவேஸ் அவரை மறுபடி சந்தித்துப் பட்டத்தை மீட்டார். நூறு நாள்கூட ஆகவில்லை.

கயல்_ப எழுதியது:

அண்ணா, அந்த இரண்டாவது ஆட்டம் எட்டாவது சுற்றில் தலை மோதி வெட்டுப்பட்டதால் நின்று, அட்டைகளுக்குப் போய், பிளவுபட்ட தீர்ப்பில் முடிந்தது. ராண்டலுக்கு ஒரு புள்ளியும் கழித்தார்கள். ஆனால் முதல் ஆட்டத்தில் தாழ்வாகக் குத்தியதற்காகச் சாவேஸ் இழந்த இரண்டு புள்ளிகள்தான் அவரைத் தோற்கடித்தன என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆட்டத்தையும் சுற்றுச் சுற்றாகப் பார்த்து நாம் தனித்தனியே அட்டை போடுவோம். நான் முதல் ஆட்டத்தில் தொடங்குகிறேன். முதல் சுற்று என் கணக்கில் ராண்டலுக்கு, 10-9.